கம்ப்யூட்டர் விலை வேற, கம்ப்யூட்டர் செலவு வேற: ஆர்க்கிடெக்ட் ஆபீஸுக்கு ஒரு எளிய கணக்கு

ஆர்க்கிடெக்ட்டுங்க நாலு பேர் சேர்ந்தா பேச்சு எப்படியும் ஒரு கட்டத்துல மேக்கா விண்டோஸான்னு வந்து நின்னுடும். ஒருத்தர் "ஒரு மேக் விலைக்கு ரெண்டு பிசி வாங்கிடலாம்"பார், இன்னொருத்தர் "என் மேக் ஏழு வருஷமா ஓடுது, அதுக்குள்ள நீ எத்தனை பிசி மாத்திட்ட"ம்பார். ரெண்டு பேரும் சொல்றது அவங்கவங்க அனுபவத்துல நிஜம்தான், ஆனா ரெண்டு பேருமே ஒரு நீளமான பில்லுல ஆளுக்கொரு வரியை மட்டும் படிச்சுட்டு சண்டை போடுறாங்க. நான் ஒரு டிசைன் ஆபீஸ்ல வரையிற வேலையோட சேர்த்து கம்ப்யூட்டர் பார்த்துக்குற வேலையும் தலையில விழுந்து பல வருஷமா ரெண்டையும் இழுத்துட்டு போறவன், அதனால அந்த பில்லை முழுசா எப்படி படிக்கிறதுன்னு புதுசா ஆபீஸ் ஆரம்பிக்கிறவங்களுக்கு புரியுற மாதிரி எழுதிப் பார்க்கிறேன்.

## பிரிண்டர் கதை

வீட்டுக்கு ஒரு இங்க்ஜெட் பிரிண்டர் வாங்கினவங்களுக்கு இது தனியா சொல்லத் தேவையில்ல. பிரிண்டர் சல்லிசா கிடைக்கும், ரெண்டு மூணு தடவை கார்ட்ரிட்ஜ் மாத்தினா பிரிண்டர் விலையே வந்துடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சொல்றது இதைத்தான்.

ஒரு பொருளை வாங்கினதுலேருந்து தலைமுழுகுற வரைக்கும் அதுக்காக நம்ம கையை விட்டுப் போற எல்லாத்தையும் கூட்டி, கடைசியா வித்தப்ப வந்த காசைக் கழிச்சா வர்ற தொகைக்கு மொத்த உடைமைச் செலவுன்னு பேர். கம்ப்யூட்டர் விஷயத்துல இந்தக் கணக்கை 1987லேருந்து பிரபலமாக்கினது கார்ட்னர்ங்கிற ஆராய்ச்சி கம்பெனி. ஐடியா பழசுதான், ஆனா இன்னிக்கும் கொட்டேஷன் கைக்கு வந்ததும் கண்ணு நேரா கடைசி வரிக்குத்தான் போகுது.

இன்னொரு வார்த்தையையும் இங்கயே தெளிவாக்கிடுறேன். பிளாட்ஃபார்ம்னா டேபிள் மேல இருக்குற டப்பா மட்டும் இல்ல, அந்த டப்பா, அதுல ஓடுற ஆப்பரேட்டிங் சிஸ்டம், அதுல ஓடக்கூடிய சாஃப்ட்வேர், அந்த சாஃப்ட்வேர் சேவ் பண்ற ஃபைல் வகை, அதுல கை பழகின ஆளுங்க, இத்தனையும் சேர்ந்ததுதான். ஒண்ணை மாத்தினா மத்ததெல்லாம் கூடவே ஆடும்.

## முதல்ல சாஃப்ட்வேர் லிஸ்ட், அப்புறம்தான் மெஷின்

நிறைய பேர் தலைகீழா பண்றது இங்கதான். மெஷினை வாங்கிட்டு அதுல என்ன ஓடும்னு பார்க்கிறாங்க.

உண்மையில பாதி ஆபீஸுக்கு மேக்கா விண்டோஸாங்கிற கேள்வியே கிடையாது, ஏன்னா ஆட்டோடெஸ்க் கம்பெனியோட ரெவிட்ங்கிற கட்டட மாடல் சாஃப்ட்வேர் விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும், த்ரீடிஎஸ் மேக்ஸும் அப்படித்தான். ஆர்க்கிகேட், வெக்டர்வொர்க்ஸ், ரைனோ, ஸ்கெட்ச்அப் இதெல்லாம் ரெண்டு பக்கமும் ஓடும். அதுலயும் ஆர்க்கிகேட், வெக்டர்வொர்க்ஸ் ரெண்டும் 1980கள்ல ஆப்பிள் மெஷின்லதான் பிறந்துச்சு, ஆர்க்கிடெக்ட்டுகளுக்கு மேக் மேல இருக்குற பாசத்துக்கு அது ஒரு பழைய காரணம். ஆட்டோகேட் மேக்குக்கும் இருக்கு, ஆனா விண்டோஸ் ஆட்டோகேட்ல கூட வர்ற ஆர்க்கிடெக்சர் டூல்செட் மேக்ல வராது. ரைனோ ரெண்டுலயும் ஓடினாலும் அதுல இருக்குற கிராஸ்ஹாப்பர்ங்கிற டூலுக்கு நீங்க தினமும் போடுற பிளக்இன், அதாவது ஒட்டிக்கிற கூடுதல் புரோகிராம், விண்டோஸ்ல மட்டும் ஓடுறதா இருக்கலாம். "மேக்குக்கும் இருக்கு"ன்னு யாராவது சொன்னா உடனே தலையாட்டாம, எந்தெந்த பாகம் இருக்குன்னு ஒரு கேள்வி கேளுங்க.

"மேக்லயே விண்டோஸ் போட்டுக்கலாமே?"ன்னு அடுத்து வரும். இன்டெல் சிப் இருந்த காலத்துல பூட் கேம்ப்னு ஒண்ணு இருந்துச்சு, ஒரே மெஷின்ல தேவைப்பட்டா விண்டோஸ்ல ஆன் பண்ணிக்கலாம். 2020 கடைசில ஆப்பிள் தன்னோட சொந்த சிப்புக்கு மாறினதும் புது மெஷின்கள்ல அது போயிடுச்சு. இப்ப இருக்குறது விர்ச்சுவல் மெஷின் வழி, அதாவது மேக்குக்குள்ள சாஃப்ட்வேராலயே ஒரு கற்பனை கம்ப்யூட்டரை உருவாக்கி அதுல விண்டோஸ் ஓட்டுறது, பேரலல்ஸ் மாதிரி புரோகிராம் அதைப் பண்ணும். ஆனா ஆப்பிள் சிப் ஆர்ம்ங்கிற வகை, அதுக்குள்ள ஓடுறதும் ஆர்முக்கான விண்டோஸ்தான், ரெவிட்டுக்கு ஆட்டோடெஸ்க் அதுல சப்போர்ட் தர்றதில்ல. திறக்கலாம், சில சமயம் நல்லாவே ஓடவும் செய்யும், ஆனா டெட்லைனுக்கு முந்தின நாள் கிராஷ் ஆனா கேட்க நாதி இருக்காது. எனக்கு இதை ஒரு வழியாவே எண்ணத் தோணல.

இதுல நான் பட்ட அடியையும் சொல்லிடுறேன், தப்பு முழுக்க எங்களோடதுதான். ஸ்கெட்ச்அப்பும் ரைனோவும்தானே நம்ம வேலைன்னு நினைச்சு நாலு மேக் வாங்கினோம், அருமையான மெஷின், குறையே சொல்ல முடியாது. மூணாவது மாசம் ஒரு பெரிய வேலை வந்துச்சு, ஒப்பந்தத்துல எங்கயோ நடுப்பக்கத்துல மாடலை ரெவிட் ஃபைலா ஒப்படைக்கணும்னு ஒரு வரி இருந்திருக்கு, படிக்கவேண்டியவன் நான், படிக்கல. ஐஎஃப்சி அனுப்பலாமேன்னு பார்த்தோம், ஐஎஃப்சிங்கிறது எல்லா சாஃப்ட்வேரும் படிக்கிற பொதுவான ஃபைல் வகை, உருவம் போய்ச் சேரும், ஆனா சுவரைப் பிடிச்சு இழுத்தா ஜன்னலும் கூடவே நகர்ற அந்த உயிர் பெரும்பாலும் போய்ச் சேராது. கடைசில அவசர அவசரமா ரெண்டு விண்டோஸ் மெஷின் வாங்கி, ரெவிட் லைசன்ஸ் போட்டு, ரெண்டு பசங்களுக்கு கத்துக்கொடுத்து, மேக் ரெண்டு ஓரமா உட்கார்ந்து மெயில் பார்த்துச்சு. எந்த கொட்டேஷன்லயும் இல்லாத செலவு இது.

இதுவரைக்கும் பார்த்தது: உங்க ஆபீஸ்ல ஓடவேண்டிய சாஃப்ட்வேர், உங்ககூட வேலை செய்யற ஸ்ட்ரக்சுரல், எம்இபி (மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், ப்ளம்பிங்) கன்சல்டன்ட்டுகள் அனுப்புற ஃபைல், க்ளையன்ட் கேக்குற ஃபைல், இந்த மூணும் பிளாட்ஃபார்மை பெரும்பாலும் தானே முடிவு பண்ணிடும். மூணுமே ரெண்டு பக்கமும் ஓடுதுன்னா மட்டும்தான் கீழ வர்ற ஒப்பீட்டுக்கு வேலை.

## வாடகை வீடு மாதிரி ஆகிப்போன லைசன்ஸ்

முன்னெல்லாம் சாஃப்ட்வேரை ஒரே தடவை காசு கொடுத்து வாங்கி எத்தனை வருஷம் வேணும்னாலும் வச்சுக்கலாம், அதுக்கு பெர்பெச்சுவல் லைசன்ஸ்னு பேர், சொந்த வீடு மாதிரி. இப்ப இருக்குறது சப்ஸ்கிரிப்ஷன், வருஷா வருஷம் கட்டுற வாடகை, நிறுத்தினா சாவியைத் திருப்பிக் கொடுத்துடணும். ஆட்டோடெஸ்க் 2016ல புது பெர்பெச்சுவல் லைசன்ஸ் விக்கிறதை நிறுத்துச்சு, ஸ்கெட்ச்அப் 2020 கடைசில நிறுத்துச்சு. ரைனோ இன்னமும் ஒரே தடவை காசுதான், அதே லைசன்ஸ்ல விண்டோஸ்லயும் ஓட்டலாம் மேக்லயும் ஓட்டலாம்.

பிளாட்ஃபார்ம் ஒப்பீட்டுல இதோட இடம் கொஞ்சம் வித்தியாசமானது. ஒரே சாஃப்ட்வேர் ரெண்டு பக்கமும் ஓடுதுன்னா வாடகையும் பெரும்பாலும் ஒண்ணுதான், அதனால கழிச்சுப் பார்த்தா வித்தியாசம் பூஜ்யம். அப்புறம் எதுக்கு கணக்குல எழுதணும்னா, அதை எழுதினாதான் மெஷின் விலை மொத்தத்துல எவ்வளவு சின்னதுன்னு கண்ணுக்குத் தெரியும். பெரிய பிம் சாஃப்ட்வேர் எதையாவது நாலு வருஷத்துக்குக் கூட்டிப் பாருங்க, அது ஓடுற மெஷினோட விலையை சாதாரணமா தாண்டிடும். பிம்னா கோடு வரையாம, சுவரை சுவராவே, கதவைக் கதவாவே தகவலோட மாடல் பண்ற முறை, அவ்வளவுதான். அவ்வளவு வாடகை கட்டிட்டு மெஷின்ல மிச்சம் பிடிக்கிறது யானையை வாங்கிட்டு அங்குசத்துக்கு கஞ்சத்தனம் பண்ற கதை.

இன்னொரு பொறி, ரெவிட் ஃபைலை ஒரு தடவை புது வெர்ஷனுக்கு மாத்திட்டா பழைய வெர்ஷன்ல திறக்க முடியாது. கூட வேலை செய்யற ஒரு கன்சல்டன்ட் புதுசுக்குப் போனா எல்லாரும் பின்னாடியே போகணும், புது வெர்ஷன் உங்க பழைய மெஷின்ல மூச்சு வாங்கும். நம்ம மெஷினோட ஆயுளை அடுத்த ஆபீஸ்காரர் முடிவு பண்றார்.

## காத்திருக்கிற நேரம்தான் பெரிய பில்

இனிமே சொல்றதுதான் எனக்கு முக்கியம், இதைத்தான் யாருமே எழுதி வைக்கிறதில்ல.

எங்க ஆபீஸ்ல ஒரு பையனைக் கவனிச்சுட்டு இருந்தேன். ரெவிட்ல எல்லாரும் சேர்ந்து வேலை செய்யற சென்ட்ரல் ஃபைலோட சிங்க் பண்றதுக்கு க்ளிக் பண்றான், நீல வளையம் சுத்துது. கை மவுஸை விட்டு எழுந்திரிக்குது, போனை எடுக்குது. சிங்க் ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடுச்சு, அவன் நிமிர்ந்து பார்த்தது ஆறாவது நிமிஷம், பார்த்துட்டு எந்த ஷீட்ல இருந்தோம்னு தேடுறதுக்கு இன்னொரு நிமிஷம். அவனைக் குத்தம் சொல்லல, நானும் அப்படித்தான், யாரா இருந்தாலும் அப்படித்தான். மெஷின் ரெண்டு நிமிஷம் தாமதிச்சா மனுஷன் ஏழு நிமிஷம் தாமதிக்கிறான்.

இப்ப கணக்கு போடுங்க. ஒரு நாளைக்கு 10 நிமிஷம்தான் போகுதுன்னு வச்சுக்குவோம், வருஷத்துக்கு 250 வேலை நாள், ஆக 2,500 நிமிஷம், கிட்டத்தட்ட 42 மணி நேரம், 8 மணி நேர வேலைன்னா அஞ்சு நாளுக்கு மேல. நாலு வருஷத்துல ஒரு சீட்டுக்கு, அதாவது ஒரு ஆள் உட்கார்ந்து வேலை செய்யற இடத்துக்கு, 21 நாள் சம்பளம். பத்து சீட்டுன்னா 210 நாள், ஒரு ஆளோட ஒரு வருஷ உழைப்புல முக்கால்வாசிக்கு மேல வளையம் சுத்துறதைப் பார்த்தே போயிடுது.

அப்ப காசு கூடப் போட்டு வேகமான மெஷின் வாங்கிட்டா தீர்ந்துச்சான்னா, அங்கதான் இன்னொரு குழப்பம். எந்த வேகம்?

சுவர் கட்டுறதை நினைச்சுக்கோங்க. கீழ் வரிசை செங்கல் வைக்காம மேல் வரிசை வைக்க முடியாது, ஒரு சின்ன சுவருக்கு பதினாறு கொத்தனாரைக் கூட்டிட்டு வந்தாலும் பதினஞ்சு பேர் வேடிக்கைதான் பார்ப்பாங்க, அங்க வேணும்கிறது கை வேகமான ஒரே ஒரு கொத்தனார். பதினாறு ரூமுக்கு பெயின்ட் அடிக்கிறது வேற, பதினாறு பேர் ஆளுக்கொரு ரூமா எடுத்துக்கிட்டா ஒரே நாள்ல முடியும். ப்ராசஸருக்குள்ள இருக்குற கோர்ங்கிறது இந்த ஆளு. ரெவிட், ஆட்டோகேட்ல தினமும் பண்ற வரையிற, திருத்துற வேலைல பெரும்பகுதி சுவர் வகை, ஒரு கணக்கு முடிஞ்சாதான் அடுத்த கணக்கு, இதுக்கு சிங்கிள் த்ரெட் வேலைன்னு பேர். ரெண்டரிங், அதாவது மாடலை போட்டோ மாதிரி படமாக்குறது, பெயின்ட் வகை, எத்தனை கோர் கொடுத்தாலும் முழுங்கும், அதையே ஜிபியுங்கிற கிராஃபிக்ஸ் சிப்ல ஓட்டினா ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன பெயின்டருங்க.

இது தெரியாம வரையிற பையனுக்கு 24 கோர் மெஷின் வாங்கிக் கொடுத்துட்டு, "இவ்வளவு காசு போட்டும் ரெவிட் அப்படியேதான் இருக்கு"ன்னு புலம்புறவங்க நிறைய. அவனுக்கு கோர் கம்மியா, ஒவ்வொண்ணும் வேகமா, மெமரி தாராளமா இருந்தா போதும். மெமரிக்கு ஆட்டோடெஸ்க்கோட பழைய கணக்கு ஒண்ணு உண்டு, மாடல் ஃபைல் டிஸ்க்ல இருக்குற அளவைப்போல சுமார் 20 மடங்கு ரேம் வேணும்னு. 500 எம்பி மாடல்னா அதுக்கு மட்டும் 10 ஜிபி, கூட பிரவுசர், பிடிஎஃப், ஸ்கெட்ச்அப் எல்லாம் திறந்து கிடக்கும், அதனால என்னைக் கேட்டா 32 ஜிபிக்குக் கீழ இறங்காதீங்க.

ரெண்டர் சீட்டுக்கு ஜிபியு, அதோட சொந்த மெமரி, இது ரெண்டும்தான் பேச்சு. சீன் அந்த மெமரிக்குள்ள அடங்கலைன்னா ரெண்டர் தவழும், இல்ல நின்னே போயிடும். இப்ப விக்கிற எந்த மேக்லயும் என்விடியா கம்பெனியோட கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, அதனால என்விடியாவை நம்பி எழுதின ரெண்டரர் உங்க வேலைன்னா முடிவு அங்கயே ஆச்சு. அதே சமயம் ஆப்பிள் சிப்ல ப்ராசஸருக்கும் ஜிபியுவுக்கும் ஒரே பொது மெமரி, அதனால கார்டுக்குள்ள அடங்காத பெரிய சீன் கூட சில சமயம் உள்ள உட்கார்ந்துடும். நியாயமா இதையும் சொல்லணும்.

சுருக்கமா இந்தப் பகுதி: மெஷின் விலைல வர்ற வித்தியாசத்தை விட ஆள் காத்திருக்கிற நேரம் பெரிசு. எந்த வேலைக்காகக் காத்திருக்காங்கன்னு தெரிஞ்சாதான் எதுக்குக் காசு போடணும்னு தெரியும்.

## "ஐபிஎம்மே மேக் தான் சீப்னு சொல்லிட்டாங்களே"

இந்த வாதம் அடிக்கடி வரும். 2016ல ஐபிஎம், தன்னோட ஊழியர்களுக்குக் கொடுத்த பல்லாயிரம் மேக்ல, நாலு வருஷத்துக்கு ஒரு மெஷினுக்கு இவ்வளவு மிச்சம்னு கணக்கு காட்டினது உண்மைதான், சப்போர்ட்டுக்கு வர்ற போன் குறைஞ்சது அதுல முக்கியமான காரணம். ஆனா அது பல்லாயிரம் மெஷினை ஒரே மாதிரி நிர்வாகம் பண்ற கம்பெனி. எட்டு சீட் டிசைன் ஆபீஸ்ல ரெவிட்டும் ரெண்டரரும் பெரிய தாள்ல பிரிண்ட் எடுக்குற பிளாட்டரும் வச்சுட்டு அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கிட்டா, பக்கத்து வீட்டுக்காரர் செருப்பு சைஸ்ல நாம செருப்பு வாங்கின மாதிரிதான் இருக்கும். முறையை மட்டும் அவங்ககிட்டேருந்து எடுத்துக்கலாம், நாலு வருஷத்துக்குக் கூட்டினாங்க பாருங்க, அது சரி.

## பார்த்துக்கிற ஆள், ரிப்பேர், அப்டேட்

சின்ன ஆபீஸ்ல ஐடி ஆள்னு தனியா யாரும் இருக்க மாட்டாங்க, கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரிஞ்ச ஒரு ஆர்க்கிடெக்ட் மாட்டிப்பார். அவர் பிளாட்டர் டிரைவர் தேடி உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் டிசைன் நேரம்தான், எங்கயும் பில் வராததால இலவசம்னு தோணும்.

விண்டோஸ் பக்கம் ஒரு சௌகரியம், ரேமோ டிஸ்க்கோ போனா டெஸ்க்டாப்பைத் திறந்து மாத்திடலாம், வொர்க்ஸ்டேஷன் வகை மெஷினுக்கு ஆபீஸுக்கே வந்து ரிப்பேர் பண்ற வாரன்ட்டியும் வாங்கலாம். மேக்ல ரேம் சிப்போடவே சேர்ந்து வர்றதால பின்னாடி ஏத்த முடியாது, நாலு வருஷத் தேவையை முதல் நாளே யோசிச்சு வாங்கணும், அந்தக் கூடுதல் ரேமுக்கு அவங்க சொல்ற விலைதான் விலை. பதிலுக்கு, பழசை விக்கப் போனா மேக்குக்கு பொதுவா நல்ல விலை கிடைக்கும், சாதா பிசிக்கு நாலு வருஷம் கழிச்சு பெருசா ஒண்ணும் வராது. வாங்கின விலைக்கும் வித்த விலைக்கும் உள்ள இந்த இறக்கத்துக்குத்தான் தேய்மானம்னு பேர், உண்மையில மெஷினுக்கு நீங்க கொடுத்தது அவ்வளவுதான்.

அப்டேட் ரெண்டு பக்கமும் தலைவலி. மேக்ஓஎஸ் வருஷத்துக்கு ஒரு பெரிய வெர்ஷன், நம்ம பிளக்இன்காரர் அதுக்குத் தயாராக சில மாசம் ஆகலாம், அதனால வந்த அன்னிக்கே ஏத்துறவங்களைப் பார்த்தா எனக்கு பயம். ஆயுள் முடியுற தேதியையும் வாங்கும்போதே பாருங்க. விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ல முடிஞ்சுது, விண்டோஸ் 11க்கு டிபிஎம்ங்கிற பாதுகாப்பு சிப்போட 2.0 வெர்ஷனும் புது தலைமுறை ப்ராசஸரும் வேணும்னதால நல்லா ஓடிட்டு இருந்த எத்தனையோ மெஷின் ஓரங்கட்டப்பட்டுச்சு. ஆப்பிளும் சளைச்சதில்ல, இன்டெல் மேக்குக்கு 2025ல வந்த டஹோதான் கடைசி பெரிய வெர்ஷன்.

கரண்ட் செலவு? சின்ன விஷயம்தான். எம்4 மேக் மினி முழு மூச்சா ஓடினாலும் 65 வாட், ஆர்டிஎக்ஸ் 4090ங்கிற கிராஃபிக்ஸ் கார்டு தனியாவே 450 வாட் வரைக்கும் இழுக்கும். ராத்திரி பூரா ரெண்டர் ஓட்டுற ஆபீஸா இருந்தா யுபிஎஸ், ஏசியையும் சேர்த்து எழுதுங்க, இல்லைன்னா விட்டுடுங்க.

## ஒரு சீட்டை எழுதிப் பார்ப்போம்

எண்ணெல்லாம் விளக்கத்துக்காக நான் வச்சது, உங்க எண்ணை அங்க போட்டுக்கோங்க. சாதா வரையிற மெஷின் விலை 100ன்னு வச்சுப்போம்.

முதல் மெஷின், விண்டோஸ் பிசி: விலை 100, நடுவுல ரேம், டிஸ்க் ஏத்தினது 12, பராமரிப்பு 30, வித்தது 10. ஆக 132.

ரெண்டாவது மெஷின், மேக்: விலை 160, பராமரிப்பு 20, விர்ச்சுவல் மெஷினும் அதுக்கான விண்டோஸ் லைசன்ஸும் 15, வித்தது 50. ஆக 145.

கடை வாசல்ல 60ஆ இருந்த வித்தியாசம் நாலு வருஷத்துல 13 ஆயிடுச்சு. சாஃப்ட்வேர் வாடகை வருஷத்துக்கு 60ன்னா நாலு வருஷம் 240, ரெண்டு பக்கமும் சேருங்க, 372, 385. இந்த அளவுக்கு அந்த 13 ஒண்ணுமே இல்ல. இப்ப காத்திருக்கிற நேரத்தைச் சேருங்க, ஒரு ஆளோட ஒரு நாள் செலவு 1.5ன்னா, நாளைக்கு 10 நிமிஷம் வீணாக்குற மெஷின் நாலு வருஷத்துல 31க்கு மேல தின்னுடுது. அந்த 10 நிமிஷம் எந்தப் பக்கம் விழுதோ அந்தப் பக்கம்தான் தோத்தது, விலைச்சீட்டுல என்ன போட்டிருந்தாலும் சரி. ரெவிட்டை மேக்குக்குள்ள விர்ச்சுவலா ஓட்டுற ஆபீஸ்ல அது மேக் பக்கம் விழும், ஆர்க்கிகேட் ஆபீஸ்ல மலிவு விலை லேப்டாப் கொடுத்து வச்சிருந்தா விண்டோஸ் பக்கம் விழும்.

எல்லா சீட்டும் ஒரே மாதிரி இருக்கணும்னும் இல்ல. மீட்டிங்கும் ஸ்கெட்சுமா இருக்குற பிரின்சிபலுக்கு ஒரு வகை, வரையிறவங்களுக்கு ஒரு வகை, ரெண்டருக்கு எல்லாருக்கும் பொதுவா ஒரு முரட்டு மெஷின்னு பிரிச்சா செலவு நல்லாவே இறங்கும். ஆனா ரெண்டு பிளாட்ஃபார்மைக் கலந்தா பேக்கப், ஃபான்ட், டெம்ப்ளேட், பிளாட்டர் செட்டிங் எல்லாத்தையும் ரெண்டு தடவை பார்த்துக்கணும், அந்த வேலை யார் தலையில விழும்னு பேரோட எழுதி வச்சுட்டு கலந்து வாங்குங்க.

அந்த 10 நிமிஷத்தை எப்படி அளக்கிறதுன்னா, நாங்க பண்ணது ரொம்ப சாதாரணம். ஆளுக்கொரு துண்டுச் சீட்டை கீபோர்டு பக்கத்துல ஒட்டினோம், வளையம் சுத்துறதைப் பார்த்து கை மவுஸை விட்டு எழுந்தா ஒரு கோடு போடணும், பக்கத்துல எதுக்குன்னு ஒரே வார்த்தை, சிங்க், ஓப்பன், பிரிண்ட், ரெண்டர். ஒரு வாரம். வெள்ளிக்கிழமை எல்லாத் துண்டுச் சீட்டையும் டேபிள்ல பரப்பினப்ப அதிகமா கோடு விழுந்திருந்தது ரெண்டர்லயே இல்ல, காலைல மாடல் ஓப்பன் பண்றதுல, அதுக்குக் காரணம் எந்த கம்ப்யூட்டரும் இல்ல, பீரோவுக்குப் பின்னாடி கிடந்த, கம்ப்யூட்டர்களை எல்லாம் இணைக்கிற ஒரு பழைய நெட்வொர்க் ஸ்விட்ச். அடுத்த வாரம் அதை மாத்தினோம், புது மெஷின் கொட்டேஷனை டிராயர்ல போட்டுட்டோம்.